ஏற்புரைக்கு எழுந்து நின்றால் என்ன பேசுவது?

கேள்வி: கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 43. படிப்பு பிளஸ் டூ. துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் பெண்களை வைத்து நான் எழுதிய பதினோரு சிறுகதைகள் போன மாதம் புத்தகமாக வந்தன. அடுத்த மாதம் புதுச்சேரியில் ஒரு கூட்டம். புதுப் புத்தகம் வந்த மூன்று பேர் தங்கள் நூலைப் பற்றி ஆளுக்கு இருபது நிமிடம் பேசவேண்டுமாம். மற்ற இருவரும் கல்லூரிப் பேராசிரியர்கள். நான் மைக் பிடித்ததே இல்லை. என் கதைகளில் வருவது துறைமுகத்துப் பேச்சு, சிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஒரு கதையில் தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என்று என் நாத்தனார் பேசுவதை நிறுத்திவிட்டார். பதிப்பகத்தார் 30,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 100 பிரதி கொடுத்தார்கள், இப்போது ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா என்றும் தோன்றுகிறது. ஆனால் புத்தகம் வந்த நாளிலிருந்து ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. என் பெயரைப் போடவேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் பில் புத்தகத் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. முன்பக்கத்து கார்பன் நீலம் ஊடே தெரிந்தது: ஐஸ் பார் 6, பக்கத்தில் ஒரு படகுக்காரரின் கையெழுத்து. ‘கதைகளையும் இதில்தான் எழுதினேன், மன்னிக்கவும்’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. அந்த மன்னிப்பைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். அந்தத் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இருபத்திரண்டு வருடமாகப் புதுச்சேரியில் உட்கார்ந்து பிறர் கையெழுத்துப் பிரதிகளைச் செம்மை செய்துகொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் நூல் வெளியீடுகளுக்கும் நிறையப் போயிருக்கிறேன். வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்து எழுதியவர் ஏற்புரைக்கு எழும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். அவர் நன்றி சொல்லத் தொடங்குவார். முதல் வகுப்பு ஆசிரியர், அச்சகத்தார், அட்டை ஓவியர், மைக் செட் தம்பி வரை ஒருவரையும் விடமாட்டார். கடைசியில் ‘புத்தகத்தைப் பற்றி நானே சொல்வது நன்றாக இருக்காது, படித்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்’ என்று உட்கார்ந்துவிடுவார். அடக்கமாகத்தான் சொல்கிறார். ஆனால் பேருந்து ஏறி வந்தவர்கள் அந்த ஒன்றைக் கேட்கத்தான் வந்தார்கள். ஐந்து வருடம் ஒரு மனிதர் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. நன்றி சொல்ல ஒரு நிமிடம் போதும். அதையும் முடிவில் சொல்லலாம்.

மீதி நேரத்துக்கு உங்களிடம் இருப்பதே போதும். கடிதத்தோடு நான்காவது கதையின் ஒரு தாளையும் வைத்து, ‘இந்த வரியை ஐந்து தடவை மாற்றினேன், சரியாக வந்திருக்கிறதா’ என்று கேட்டிருந்தீர்கள். ஐம்பது ரூபாயில் ஏலம் கைதவறிப்போன பெண் கரையை விட்டுத் திரும்பும் இடம். முதலில் ‘மனம் உடைந்து கண்ணீர் வழியத் திரும்பினாள்’ என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அடுத்து ‘ஒன்றும் பேசாமல் திரும்பினாள்’. அதுவும் அடிபட்டிருக்கிறது. இன்னும் இரண்டு அடித்தல்களை என்னால் படிக்க முடியவில்லை. அச்சில் வந்திருப்பது இது: ‘காலி அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். வெயிலுக்குத்தான் என்று யார் கேட்டாலும் சொல்லலாம்.’

சரியாக வந்திருக்கிறது, சகோதரி. அந்த இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அவள் முகத்தை மறைக்கிறாள் என்று நீங்கள் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் பேச்சு இதுவாகவே இருக்கட்டும். அந்த வரி எப்படி வந்தது என்று சொல்லுங்கள். கண்ணீரை ஏன் அடித்தீர்கள், அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்த ஒரு பெண்ணை எங்கே பார்த்தீர்கள், பார்த்த அன்றே எழுதினீர்களா, பல நாள் கழித்தா, ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் இதையெல்லாம் எப்போது எழுதினீர்கள். பில் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அடித்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள். கதையை முழுக்கச் சொல்லிவிடாதீர்கள். பதினோரு கதைக்கும் சுருக்கம் சொன்னால் ஒரு கதையும் கேட்பவர் மனசில் தங்காது. ஒரு கதை, அதில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் ஒரு வரி போதும்.

அந்தப் பக்கத்தை வாசிக்கவும் வேண்டும். உங்கள் புத்தகத்தின் ஒரு பக்கத்தை நிறுத்தி வாசித்தால் இரண்டு நிமிடம் போல ஆகும், நீங்கள் மூன்று பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். வீட்டில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு நாலைந்து தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் வேகமாகத்தான் வாசிப்பார்கள், பயம் ஓட்டிக்கொண்டு போகும். உங்களுக்கே ‘ரொம்ப மெதுவாகப் போகிறோமோ’ என்று தோன்றும் வேகம்தான் கேட்பவருக்குச் சரியான வேகம். வரும் வழியில் கன்னியகோவில் தாண்டிய பிறகு பேருந்தில் ஒரு தடவை உதட்டளவில் வாசித்துவிட்டால் அரியாங்குப்பம் வருவதற்குள் மூன்று பக்கமும் முடிந்திருக்கும். அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள்.

துறைமுகத்துப் பேச்சைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லவேண்டும். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு அம்மாவின் கதைத்தொகுப்பு என் கைக்கு வந்தது. ‘செத்த நேரம் திண்ணையில குந்திக்கினு இருந்தா’ என்று எழுதியிருந்தார். நான் அதைச் ‘சற்று நேரம் திண்ணையில் அமர்ந்திருந்தாள்’ என்று ஆக்கினேன். புத்தகம் முழுக்க அப்படியே செய்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான், சரி என்று நம்பித்தான் செய்தேன். வெளியீட்டில் அவர் அந்தப் பக்கத்தை எடுத்து வாசித்தார். ‘சற்று நேரம்’ வரைக்கும் வந்து நின்றுவிட்டார். புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கி, ‘செத்த நேரம் குந்திக்கினு இருந்தா’ என்று தன் வாயால் சொல்லிவிட்டு மேலே வாசித்தார். கூட்டம் அந்த நிமிடம்தான் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் எந்தப் பிரதியிலும், எழுதியவரைக் கேட்காமல் ஊர்ப் பேச்சைத் தொட்டதில்லை.

நீங்கள் வந்து பேசப்போகும் ஊரும் இதற்குப் பழக்கப்பட்ட ஊர்தான். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கி நாட்குறிப்பு எழுதினார். பல மொழிச் சொற்கள் கலந்த, அன்றாடம் கடைத்தெருவில் புழங்கிய பேச்சுத் தமிழ். அவரும் வியாபாரக் கணக்கோடு வாழ்ந்த மனிதர். யாரும் மேடையில் வாசிப்பார்கள் என்று எண்ணி எழுதியதில்லை. இரண்டரை நூற்றாண்டு கழித்து அந்தக் காலத்தை நாவலாக்க வந்த பிரபஞ்சனுக்குக் கையில் கிடைத்த பெரிய புதையல் அதுதான்.

பிளஸ் டூ என்பதைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிப்படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்ட ஜெயகாந்தன் உங்கள் ஊர்க்காரர், மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். 2002-க்கான ஞானபீட விருது பெற்றார். தன் நூல்களுக்கு அவர் எழுதிய முன்னுரைகளை வாங்கிப் படியுங்கள். ஓர் எழுத்தாளர் தன் புத்தகத்தைப் பற்றித் தானே பேசும்போது கூச்சமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம் என்பதற்கு அவற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அப்புறம் கி. ராஜநாராயணன். பட்டம் எதுவும் இல்லாமல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தவர். முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார், கரிசல் பேச்சிலேயே எழுதினார், 2021-ல் மறையும் வரை இங்கேதான் இருந்தார். அந்த இரண்டு பேராசிரியர்களும் இதையெல்லாம் அறிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். உங்களைக் கேட்க ஆவலாகவும் இருப்பார்கள். அவர்கள் புத்தகங்களையும் முடிந்தால் முன்கூட்டியே வாங்கி ஒரு கதையாவது, ஒரு கட்டுரையாவது படித்துவிட்டுப் போங்கள். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் ஒரு வரியைச் சொல்லிப் பேசத் தொடங்கினால் உங்களுக்கும் நடுக்கம் குறையும்.

பேச்சு முடிந்ததும் கேள்வி வரும். ‘இது உங்கள் சொந்தக் கதையா’ என்பது கட்டாயம் வரும். பெண் எழுதினால் இன்னும் சீக்கிரமாக வரும். ‘எல்லாம் கற்பனை’ என்று சொல்லித் தப்பிக்கவேண்டாம். உங்கள் முகம் பொய் சொல்லாது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ‘பார்த்தது, கேட்டது, நானாகச் சேர்த்தது மூன்றும் இருக்கிறது. எது எது என்று பிரித்துச் சொல்லமாட்டேன்’ என்றால் போதும். மறுபடி கேட்டால் அதையே மறுபடி சொல்லுங்கள்.

நாத்தனார் விஷயம் வேறு, அதற்குக் கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது. ஏழாவது கதையை அதற்காகவே இன்னொரு தடவை படித்தேன். சீட்டுப் பணத்தை மறைத்த அண்ணி என்று யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். கதையின் கடைசியில் அதே பெண் விடியற்காலையில் வந்து அடுப்பு மூட்டி வைத்துவிட்டுப் போகிறாளே, அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் புத்தகத்தைப் படித்தாரா, படித்தவர் சொல்லக் கேட்டாரா? எனக்குக் கேட்டதாகத்தான் படுகிறது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ‘அண்ணி, இதை நானே படிச்சுக் காட்டட்டுமா’ என்று கேளுங்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், வாதாடவேண்டாம். எழுதியதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அவர் வருத்தப்பட்டதற்காக நீங்களும் வருத்தப்படுவதைச் சொல்லலாம். உண்மையிலேயே அடையாளம் காட்டும் ஏதாவது, ஒரு வேலையோ தெருவோ தழும்போ இருந்தால், அடுத்த பதிப்பில் மாற்றுவதாகச் சொல்லுங்கள், மாற்றியும் விடுங்கள். கதைக்கு அதனால் குறை வராது. எது நடந்தாலும் கூட்டத்தில் அந்தக் கதையை வாசிக்கவேண்டாம்.

இனி ஒப்பந்தம். இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள், நல்ல எழுத்தாளர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். கதைகளின் உரிமை எழுதிய அன்றே உங்களுடையது. எங்கேயும் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. நம் நாட்டின் 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அது உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் நிற்கும். அதைப் பிறருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில்தான் கொடுக்கவேண்டும். எந்த நூல், என்னென்ன உரிமை, எத்தனை வருடம், எந்தெந்த நாட்டுக்கு, ராயல்டி எவ்வளவு என்று அதில் இருக்கவேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் அவர்கள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும்.

உங்களுக்கு வந்திருக்கும் தாளில் ‘சகல உரிமைகளும் நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சுப் புத்தக உரிமையை மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குக் கொடுங்கள். மொழிபெயர்ப்பு, மின்நூல், ஒலிநூல், சினிமா எல்லாம் உங்களிடமே இருக்கட்டும், யாராவது கேட்டு வரும்போது தனித்தனியாகப் பேசிக்கொள்ளலாம். ‘எல்லோரும் போடுவதுதானே’ என்பார்கள். எல்லோரும் போட்டதனால்தான் சொல்கிறேன்.

கொடுத்த பணத்தையும் ஒரு தடவை கணக்குப் பாருங்கள், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 160 பக்கம். விலை 180 ரூபாய். 100 பிரதியின் முழு விலையே 18,000தான், நீங்கள் 30,000 கொடுத்திருக்கிறீர்கள். மொத்தம் எத்தனை பிரதி அச்சிட்டார்கள், மீதி எங்கே இருக்கிறது, விற்றதற்கு உங்கள் பங்கு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சண்டை வேண்டாம், ஐஸ் கணக்குக் கேட்பதுபோலக் கேளுங்கள். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் வாங்கியதற்கென்று தனியாகத் தொகை போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். அந்த எண்ணுக்கு நம் நாட்டில் கட்டணம் கிடையாது.

100 பிரதியை நானே பையில் தூக்கிக்கொண்டு விற்கவேண்டுமா என்று வேதனையோடு கேட்டிருந்தீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. புதுச்சேரியில் பத்து வருடம் இருந்துவிட்டுக் கிளம்பிய பாரதியை 1918 நவம்பரில் பிடித்து அடைத்தது உங்கள் கடலூர்ச் சிறையில். வெளியே வந்து இரண்டு வருடத்தில், தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப்போவதாகவும், அதற்குக் கடன் தரும்படியும் அன்பர்களுக்குச் சுற்றறிக்கை எழுதினார். அது நிறைவேறவில்லை. அவரே கேட்டிருக்கிறார் என்றால் நாம் கேட்கலாம். கூட்டத்துக்கு 25 பிரதி கொண்டுவாருங்கள், சில்லறையும் கொண்டுவாருங்கள். இலவசமாகக் கொடுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கியவர்தான் வீட்டுக்குப் போய்ப் பிரிப்பார்.

வேலையை விடவேண்டாம். 180 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 18 ரூபாய். 300 பிரதி விற்றால் 5,400. உங்கள் மாவட்டத்திலேயே விருத்தாசலத்தில் இருக்கும் இமையம், பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே எழுதி வந்தவர், அவருக்கு 2020-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. அதோடு, அந்தக் கம்பெனி ஜன்னலை விட்டு எழுந்துவிட்டால் அன்னக்கூடையைக் கவிழ்த்த பெண்ணை எங்கிருந்து பார்ப்பீர்கள்?

எழுத ஓடவில்லை என்பதைப் பற்றிக் கவலையே படாதீர்கள். முதல் புத்தகம் வந்த பிறகு அநேகமாக எல்லோரும் இந்தப் புலம்பலோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அதுவரை யாருக்கும் தெரியாமல் எழுதினீர்கள். இப்போது பேனாவை எடுத்ததும் தோளுக்குப் பின்னால் நாத்தனார், பேராசிரியர், பதிப்பகத்தார் எல்லோரும் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் கலைந்துவிடுவார்கள். அதுவரை கதை எழுதவேண்டும் என்று உட்காராதீர்கள். சாயங்காலம் கணக்கை முடித்ததும், அன்றைக்குப் பார்த்த ஒன்றை ஒரே ஒரு பில் தாளில் எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். நல்ல நோட்டுப் புத்தகம் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, வாங்கவேண்டாம். உங்கள் கை அந்தத் தாளுக்குப் பழகியிருக்கிறது.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மெஷினை நிறுத்திய அன்று ராத்திரி, சத்தம் இல்லாததால் காவல்காரத் தாத்தாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று. அவர் அப்புறம் என்ன செய்தார்? கூட்டத்துக்கு வரும்போது எனக்குச் சொல்லவேண்டும், முன்வரிசையில் இடதுபக்கம் இருப்பேன்.

இன்னொன்று. நீங்கள் வாசிக்கப்போகும் 47-ம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியில் ‘வலை’ என்பது ‘வளை’ என்று அச்சாகியிருக்கிறது. வாசிக்கும்போது தடுக்கும், இப்போதே பென்சிலால் திருத்தி வையுங்கள்.